முருங்கைக் கீரையை நிழலில் உலர்த்துங்கள்

மாரிகுப்பத்தில் எங்கள் லைன் வீட்டு முற்றத்தில் முருங்கை மரம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் கீரையை வெயிலில்தான் காயவைப்பேன். நிறமும் மணமும் போய்விடும்.

அதைவிட முக்கியம் தூசி. 2001-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மண்மேடுகள் மூடப்படவில்லை. காற்றடித்தால் அந்த மண் முற்றத்தில் படிகிறது. ஆகவே கீரையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, நீர் வடிந்ததும், வீட்டுக்குள் நிழலில் துணிமேல் பரப்புங்கள். தினமும் கிளறிவிடுங்கள். கையில் நொறுங்கும் பதம் வந்தபின் கண்ணாடி பாட்டிலில் அடையுங்கள். உள்ளே வியர்த்தால் ஈரம் இருக்கிறது. பூஞ்சணம் பிடிக்குமுன் எடுத்து மறுபடி உலர்த்துங்கள்.

விடியலில் பெங்களூர் ரயிலேறும் பிள்ளைகளின் சோற்று டப்பாவில் இந்தப் பொடி ஒரு கரண்டி போதும்.