வடக்கே போகும் கேபின் கதவு

வண்டிக் கதவு பனியில் உறைந்து திறக்காமல் போகும் என்றால் சேந்தமங்கலத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். சித்திரை வெயிலில் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் கை சுடும் ஊர் இது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிக் கொல்லிமலைக்குப் போனாலும், மார்கழியில் மூடுபனியும் குளிரும்தான் இருக்குமே தவிர, தண்ணீர் கட்டியாவதில்லை. ஆனாலும் இது நம் பகுதிக்காரர்களின் பிரச்சினைதான். இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் நாமக்கல். அதைத் தொட்டுக்கொண்டு போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தெற்கே கன்னியாகுமரியிலும் வடக்கே ஸ்ரீநகரிலும் போய் முடிகிறது. அந்த வடக்கு முனையில் ஆப்பிள் ஏற்றப் போய் நிற்கும் லாரிகளில் நாமக்கல் வண்டிகளும் உண்டு. உள்ளே படுத்திருப்பவர்கள் நம் தெருப் பிள்ளைகள்.

ஆப்பிள் லோடு கனப்பது ஐப்பசி வாக்கில். பனி அதற்குள்ளேயே வந்துவிடும் ஆண்டுகளும் உண்டு. 2019 நவம்பர் முதல் வாரத்திலேயே காஷ்மீரில் கனத்த பனி கொட்டி, மரத்தில் காய் இருக்கும்போதே கிளைகள் முறிந்தன. நெடுஞ்சாலை அடைபட்டு லாரிகள் வரிசையில் நின்றன. டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைக் காஷ்மீரிகள் ‘சில்லாய் கலான்’ என்கிறார்கள். கடுங்குளிரின் உச்சக் காலம் அது. 2021 ஜனவரியில் ஸ்ரீநகரிலேயே வெப்பநிலை மைனஸ் 8 டிகிரிக்கும் கீழே இறங்கியது. இதே நெடுஞ்சாலையில் பனிஹால் மலையைக் குடைந்து 1956இல் திறந்த ஜவஹர் சுரங்கத்துக்குப் பதில், இப்போது எட்டரை கிலோமீட்டர் நீளப் புதுச் சுரங்கம் வந்து பயணத்தைச் சுருக்கியிருக்கிறது. ஆனால் ராம்பன் பக்கம் மண் சரிந்தால் இன்றைக்கும் வண்டிகளை நிறுத்தித்தான் வைக்கிறார்கள். அப்படி நிற்கும் இரவுகளில்தான் கதவு உறைகிறது.

வெறும் குளிர் கதவை ஒட்ட வைக்காது. அதற்குத் தண்ணீர் வேண்டும். வண்டி ஓடும்போது கேபின் சூட்டில் கூரைமேல் கிடக்கும் பனி உருகி, கதவு விளிம்பு வழியாக இறங்கி, ரப்பர் பீடிங்குக்கும் தகரத்துக்கும் நடுவே தங்குகிறது. இன்ஜினை அணைத்துச் சில மணி நேரத்தில் அது ஐஸ். உறையும்போது தண்ணீரின் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும் என்பதால், இருக்கிற இடுக்கெல்லாம் அடைத்துப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே இரண்டு பேர் படுத்திருந்தால் அவர்கள் மூச்சின் ஈரமும் கண்ணாடியிலும் கதவிலும் படிந்து இதோடு சேர்ந்துகொள்ளும்.

நம் வண்டிகளுக்கு இதில் கூடுதலாக ஒரு பலவீனம் உண்டு. ஆண்டில் பெரும்பகுதி நாமக்கல், சேலம் வெயிலில் நின்ற பீடிங் விறைத்து, வெடித்துப் போயிருக்கும். நல்ல ரப்பர் அமுங்கித் தண்ணீரைத் தடுக்கும். காய்ந்த ரப்பர் தண்ணீரை உள்ளே விட்டு அங்கேயே தேக்கி வைக்கும். கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று சிறு ஓட்டைகள் உண்டு. சிமென்ட் தூசியும் சேறும் அடைத்தோ, பெயின்ட் அடிக்கும்போது மூடியோ அவை கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். அப்புறம் கதவின் வயிற்றுக்குள் நின்ற தண்ணீர் லாக்கையும் சேர்த்து இறுக்கும். வெயிலில் கெட்ட பீடிங்கும் ஊரில் அடைபட்ட ஓட்டையும் பனிஹாலில் வந்து காட்டிக்கொடுக்கின்றன என்பதுதான் உண்மை.

வாட்டர் சர்வீஸ் தண்ணீரும் இப்படித்தான் இடுக்கில் தங்கிவிடும். வெள்ளிக்கிழமை வண்டி கழுவி, எலுமிச்சை வைத்து, சூடம் காட்டுவது நம் ஓட்டுநர்கள் விடாத வழக்கம். விட வேண்டியதும் இல்லை. ஆனால் ஜம்முவில் மாலையில் பைப் பிடித்துக் கழுவிவிட்டு இரவே மலை ஏறக் கூடாது. வெயில் ஏறியபின் கழுவி, கதவுகளின் நான்கு விளிம்புகளையும் துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் திறந்து வைத்துவிட்டுக் கிளம்பினால் போதும்.

பீடிங்கில் எதைத் தடவுவது என்பதில்தான் தவறு அதிகம். கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய். அது 24 டிகிரியிலேயே கட்டியாகிவிடும் சரக்கு, காஷ்மீருக்கு உதவாது. டீசலும் கிரீஸும் இன்னும் கெடுதல். இன்றைய பீடிங் ரப்பர்கள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதி, உருக்குலைந்து போகும். சிலிக்கான் ஸ்பிரேயோ சிலிக்கான் கிரீஸோதான் சரி. அது கிடைக்காத ஊரில் மருந்துக் கடையில் கிளிசரின் கிடைக்கும். தண்ணீரோடு கலந்தால் அந்தக் கலவை உறைவதற்கு மிகக் கடுமையான குளிர் வேண்டும். ரப்பருக்கும் அது தீங்கு செய்யாது. பீடிங்கை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவ வேண்டும்.

டொரோண்டோவின் ஸ்கார்பரோ பக்கத்துத் தமிழர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன வேலை. அங்கே பனியைவிட உறைமழைதான் எதிரி. விழுந்த மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாய்ப் படியும். 2013 டிசம்பரில் அப்படிப் பெய்த மழையில் மின்கம்பிகள் அறுந்து நகரின் பல பகுதிகள் இருண்டன. கார்கள் முழுக்க ஐஸ் உறை போட்டு நின்றன. ஆனால் அவர்கள் வெளியே நின்று காரைத் திறக்கப் பார்க்கிறவர்கள். முடியாவிட்டால் வேலைக்குப் போகத் தாமதமாகும். நம் ஓட்டுநரும் கிளீனரும் கதவுக்கு உள்ளே இருக்கிறார்கள்.

நான் இதை எழுதுவதே அதற்காகத்தான். குளிர் தாங்காமல் கேஸ் அடுப்பையோ கரி கனன்றுகொண்டிருக்கும் சட்டியையோ கேபினுக்குள் வைத்து, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு தூங்கிவிடுகிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை சுற்றி விழித்து ஒருவர் கதவைத் தள்ளும்போது அது உறைந்திருந்தால் என்னவாகும் என்பதை யோசிக்கவே நெஞ்சு பதறுகிறது. கேபினுக்குள் நெருப்பு வேண்டவே வேண்டாம். இரண்டு கம்பளி கூடுதலாகப் போர்த்திக்கொண்டு, கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைத்துப் படுக்க வேண்டும். மூச்சு ஈரமும் அந்த வழியே வெளியேறும்.

“கதவு வரலைண்ணே” என்று கிளீனர் சொன்னதும் ஹேண்டிலைப் பிடித்து வெட்டி இழுப்பதுதான் முதலில் தோன்றும். ஹேண்டில் உடையும், பீடிங் கிழியும். வெளியே நிற்பவர் இழுப்பதற்கு முன் கதவை உள்பக்கமாகத் தோளால் அமுக்கி அமுக்கி விட வேண்டும். விளிம்பில் உள்ள ஐஸ் நொறுங்கும், பிறகு மெல்ல இழுக்கலாம். வரவில்லையென்றால் அடுத்த பக்கக் கதவைப் பார்க்கலாம். கொதிநீர் ஊற்றவே கூடாது. கண்ணாடி விரிசல் விடும், ஊற்றிய தண்ணீரும் மறுபடி உறையும். லாக் மட்டும் உறைந்திருந்தால் சானிடைசரோ சர்ஜிகல் ஸ்பிரிட்டோ சாவியில் தடவி நுழைக்கலாம். பக்கத்தில் பீடியோ அடுப்போ இருக்கக் கூடாது.

கதவோடு நிற்காமல் ஏர் டேங்கையும் தினம் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். அது உறைந்தால் பிரேக்குக்கே ஆபத்து. டீசலும் கெட்டிப்படும். லடாக் போன்ற பகுதிகளுக்காக மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. கெட்டியான டீசல் டேங்கின் அடியில் தீ மூட்டும் பழைய பழக்கத்தை இன்றோடு மறக்க வேண்டும்.

இதற்கெல்லாம் செலவு என்று பார்த்தால், ஒரு டயர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. வண்டிக்கு எட்டு வயதானபின் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்றுச் சோதனை) உண்டு. பட்டறையில் டிங்கரிங்கும் பெயின்டும் பார்க்கும்போதே இரண்டு கதவுக்கும் புது பீடிங் போடச் சொல்லி, அடியிலிருக்கும் ஓட்டைகளைக் கம்பியால் குத்திவிடச் சொல்வது ஓனரின் பொறுப்பு. புது வண்டிக்கு அந்த ஆண்டு எஃப்.சி. இல்லாவிட்டாலும், ஆயுத பூஜைக்குள் கதவை ஒருமுறை பார்த்து, டூல்ஸ் பெட்டியில் ஒரு சிலிக்கான் ஸ்பிரேயும் போட்டு அனுப்பினால், வண்டி ஆப்பிள் லோடுக்குத் தயார்.