ராஜநடை வண்டிகள்

மோட்டார் சைக்கிள்களில் க்ரூஸர் என்றொரு ஜாதி உண்டு. ஆசனம் தாழ்ந்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வெகுவாகச் சரிந்து முன்னே நீண்டிருக்க, ஓட்டுபவர் கால்களை நீட்டி, முதுகை நிமிர்த்தி, திண்ணையில் சாய்வு நாற்காலி போட்டு அமர்ந்த மிராசுதாரைப் போல வீற்றிருக்க, அவசரம் என்பதையே அறியாத பாவனையில் நெடுஞ்சாலையில் போகும் அந்த வண்டியின் அழகெல்லாம் அதன் நடையில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1903-இல் தோன்றிய ஹார்லி-டேவிட்சன் கம்பெனியை இந்த வம்சத்தின் மூலபுருஷர் என்று சொன்னால் தவறாகாது. அந்தக் கம்பெனி 2006-இல் உலகெங்கும் அனுப்பிய வண்டிகள் ஏறத்தாழ மூன்றரை லட்சம். 2024-இல் அந்த எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தை ஒட்டி நின்றுவிட்டது. ராஜநடைக்கு வயதாகிவிட்டதோ என்ற சந்தேகம் எழுவது இயற்கையே.

அந்த நடை பிறந்த விதம் விசித்திரமானது. ஒரே சிலிண்டர் எஞ்சினின் சக்தி போதாமல், 1909-இல் அந்தக் கம்பெனியார் இரண்டு சிலிண்டர்களை 45 டிகிரி கோணத்தில் 'வி' எழுத்தைப் போல நிறுத்தினார்கள். சைக்கிளின் சட்டத்துக்குள் அடங்க வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்ற இரண்டு நிர்ப்பந்தங்களால், இரு பிஸ்டன்களின் தண்டுகளும், சுழலும் அச்சான கிராங்க்கின் ஒரே முளையை, அதாவது ஒரே கிராங்க் பின்னை, பற்றும்படி அமைத்தார்கள். கிராங்க் இரண்டு முறை முழுதாகச் சுற்றும் 720 டிகிரிக்குள் இரு சிலிண்டர்களும் ஒவ்வொரு முறை வெடிக்க வேண்டும்; சமமாகப் பங்கிட்டால் 360-க்கு ஒன்று. இங்கேயோ முதல் வெடிப்புக்குப் பின் 315 டிகிரியில் அடுத்தது வருகிறது, அதன்பின் 405 டிகிரி வரை காத்திருக்க நேர்கிறது. இருதயத் துடிப்பைப் போல ஓரடி குறுகியும் ஓரடி நீண்டும் வரும் இந்த நொண்டித் தாளம் அமெரிக்கர்களின் செவியில் 'பொட்டேட்டோ, பொட்டேட்டோ' என்று விழுகிறதாம். சிக்கனத்தின் பக்கவிளைவாக வந்த ஒரு கோணல், காலப்போக்கில் சங்கீதமாகிவிட்டது. எவ்வளவு தூரமென்றால், 1994-இல் அந்த ஓசையையே வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்துகொள்ள ஹார்லி மனுப் போட்டு, போட்டிக் கம்பெனிகளின் ஆட்சேபணைகளோடு ஆறு வருஷம் மல்லுக்கட்டி, 2000-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஓசையைப் போலவே உருவத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சிறு சக்கரம், தள்ளுகிற திசைக்குத் தானே திரும்பிக்கொள்வதை எல்லோரும் கண்டிருக்கிறோம். திரும்பும் அச்சைக் கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்குப் பின்னால் சக்கரம் இழுபடுவதே அதற்குக் காரணம். க்ரூஸரின் சரிந்த ஃபோர்க் இந்த இழுபாட்டை அதிகப்படுத்துகிறபடியால் நேர்ச்சாலையில் வண்டி தானே தன் வழியைக் காத்துக்கொள்கிறது. பெரிய ஹார்லிகளில் 400 கிலோவைத் தாண்டும் கனமும் அந்த நிதானத்துக்குத் துணை நிற்கிறது. ஆனால் வளைவுகளில் இதே குணம் பிடிவாதமாக மாறிவிடும். சாய்த்தால் கால்பலகை தார்ச்சாலையை உரசிப் பொறி பறக்கும். கொடைக்கானல் மலைப்பாதைக்கு யாராவது என்னிடம் யோசனை கேட்டால், இந்த வண்டியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கூடிய கனமும் வளர்ந்த எஞ்சினும் ஒரு காலத்தில் கௌரவத்தின் அடையாளங்கள். 2004-இல் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப், நம் ஊர்ச் சிறிய கார்களின் எஞ்சினைப் போல இரு மடங்கு பெரிதான 2,294 சி.சி. எஞ்சினை இரண்டு சக்கரங்களுக்கு நடுவே வைத்துக் காட்டியது. அந்த மோகத்தை வளர்த்தவர்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிறந்த தலைமுறையினர். அவர்களோடு சேர்ந்து வண்டியும் மூப்படைந்தது. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சொந்தக்காரர்களின் நடு வயது 1990-இல் 32, 2018-இல் 50. ஐம்பதைத் தாண்டிய முழங்காலுக்கு 400 கிலோ வண்டியை நிறுத்துமிடத்திலிருந்து பின்னுக்குத் தள்ளுவதே ஒரு தேகப்பயிற்சிதான். புதிதாக வருகிறவர்களில் பெண்களும் கணிசமாக இருக்கிறார்கள்: சொந்தக்காரர்களில் 2009-இல் நூற்றுக்குப் பத்தாக இருந்த அவர்களின் பங்கு, 2018-இல் 19 ஆயிற்று. இவர்கள் கேட்பது தரையில் கால் எட்டும் ஆசனமும் கைக்கடங்கும் கனமும். ஹோண்டாவின் ரெபெல் 500, சுமார் 190 கிலோவில் இரண்டையும் கொடுக்கிறது.

சட்டமும் தன் பங்குக்கு நெருக்கியது. காற்றினால் மட்டுமே குளிரும் எஞ்சினில், முன் சிலிண்டரின் மறைவில் நிற்கும் பின் சிலிண்டருக்குப் போதிய காற்று படுவதில்லை. உஷ்ணம் ஒரு நிலையில் நில்லாததால் உலோகங்களுக்கிடையே கூடுதல் இடைவெளி விடவேண்டும். எரிபொருளின் அளவையும் நுட்பமாகக் கட்டுப்படுத்த முடியாமல், எரியாத ஆவி புகையோடு வெளியேறும். 1957 முதல் வந்துகொண்டிருந்த ஹார்லியின் ஸ்போர்ட்ஸ்டர், ஐரோப்பாவின் யூரோ 5 புகைக் கட்டுப்பாட்டு விதிகளின் முன் தலைவணங்கி அங்கிருந்து விடைபெற்றது. சில ஆண்டுகளில் அமெரிக்காவிலும் அதன் காற்றுக்குளிர் எஞ்சின் ஓய்ந்தது. அதன் பெயரைத் தாங்கி 2021-இல் வந்த வண்டியில், திரவத்தால் குளிரும் 60 டிகிரி எஞ்சின்; அதில் இரு தண்டுகளுக்கும் தனித்தனி கிராங்க் பின்களை 30 டிகிரி விலக்கி வைத்து, வெடிப்புகளை வேண்டுமென்றே 270-க்கும் 450-க்குமாகப் பிரித்திருக்கிறார்கள். முன்னே தற்செயலாக விழுந்த நொண்டி, இப்போது வரைபடத்தில் திட்டமிட்டு வைக்கப்படுகிறது!

இதே 270 டிகிரி உபாயம் நமக்கு வெகு அருகிலும் இருக்கிறது. சென்னையில் 1955 முதல் புல்லட்டின் பேச்சை வளர்த்த ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியார் 650-இல் இரு சிலிண்டர்களும் பக்கம் பக்கமாக நிற்கின்றன; கிராங்க் மட்டும் 270 டிகிரி திருகப்பட்டிருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர் 'வி' எஞ்சின் என்றே சத்தியம் செய்வார். எடை 241 கிலோ, எஞ்சின் 648 சி.சி. ஹார்லியே ஹீரோ கம்பெனியோடு சேர்ந்து 2023-இல் ஒற்றைச் சிலிண்டர் 440 சி.சி. வண்டியை இந்தியாவில் இறக்கியது. உடல் சிறுத்தாலும் நடை போகவில்லை என்பதே என் அபிப்பிராயம். மிகப் பெரிய வண்டிகள் கோயில் யானைகளைப் போல எண்ணிக்கையில் குறைந்து, மதிப்பில் குறையாமல் நீடிக்கும்.

உண்மையான சோதனை மின்சாரத்தில் இருக்கிறது. நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையையும் தந்துவிடும் மின்மோட்டார், மெதுவாகச் சுற்றி வலுவாக இழுக்கவேண்டிய க்ரூஸருக்கென்றே பிறந்தது போலத் தோன்றும். ஆனால் ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 கிலோவாட்-மணி சக்தி அடங்கியிருக்க, ஒரு கிலோ பாட்டரியில் ஏறக்குறைய அதன் ஐம்பதில் ஒரு பங்கே தங்குகிறது. பெட்ரோலில் முக்கால் பங்கு உஷ்ணமாக வீணானாலும் வித்தியாசம் பெரிதே. போதாக்குறைக்கு, நிமிர்ந்து உட்கார்ந்த ஓட்டுநர் காற்றில் விரித்த பாய்மரம் போன்றவர். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஹார்லி 2019-இல் வெளியிட்ட லைவ்வயர் என்ற மின்வண்டி நகரத்துக்குள் 235 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். நெடுஞ்சாலையின் நிலையான வேகத்தில் அதில் பாதியே கைகூடியது. க்ரூஸருக்குச் சொந்தமான இடமோ நெடுஞ்சாலை.

லைவ்வயரில் வெடிப்பும் இல்லை, பிஸ்டனும் இல்லை. ஆயினும் அதைச் சிக்னலில் நிறுத்தினால், மோட்டார் விட்டுவிட்டு மெல்லத் துடித்து, ஆசனத்தில் இருப்பவருக்கு வண்டி உயிரோடிருப்பதை உணர்த்தும்படி பொறியாளர்கள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.