மீன்தொட்டிக்கு ஏற்ற வடிகட்டி எது?

ரொறன்ரோக் கடைகளில் விற்கும் மீன்தொட்டி வடிகட்டிகளின் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். எத்தனை கலன் தொட்டிக்கு ஏற்றது என்பது ஒன்று. மணிக்கு எத்தனை லீற்றர் நீரை இறைக்கும் என்பது மற்றது. இரண்டாவதை வைத்துக் கணக்குப் பார்ப்பதே நல்லது.

முதலில் தொட்டியை அளவிடுங்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லீற்றர் கிடைக்கும். 60, 30, 40 என்றால் 72 லீற்றர். கல்லும் மணலும் மேல் இடைவெளியும் போக, நீர் ஏறத்தாழ 60 லீற்றர்தான். இங்கே தொட்டிகள் அமெரிக்கக் கலன் கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு கலன் 3.785 லீற்றர். 4.546 லீற்றர் கொண்ட பழைய இம்பீரியல் கலனோடு அதைக் குழப்ப வேண்டாம்.

தொட்டி நீர் மணிக்கு நான்கு முதல் ஆறு முறை வடிகட்டியூடாகப் போகவேண்டும் என்பது மீன் வளர்ப்போரின் பொதுக்கணக்கு. 60 லீற்றருக்கு மணிக்கு 240 முதல் 360 லீற்றர் வரை தேவை. மொன்றியலின் ஹேகன் நிறுவனம் தயாரிக்கும் அக்வாகிளியர் 20 என்னும் வடிகட்டி மணிக்கு 378 லீற்றர் இறைக்கும். சிறுமீன்கள் சிலவற்றுக்கு அது போதும். கழிவு அதிகம் விடும் தங்கமீனுக்கு அடுத்த அளவை வாங்குங்கள். நீண்ட செட்டைகொண்ட பெற்றா மீன் வேகமான ஓட்டத்தில் களைத்துவிடும். அதற்கு மெல்லிய ஓட்டமே நல்லது.

ஆனால் தொட்டியைக் காப்பது ஓட்டம் மட்டுமன்று. மீன்கள் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகின்றன; அது அவற்றுக்கே நஞ்சு. வடிகட்டியின் ஸ்பொஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் குடியேறும் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. ஆகவே ஓட்டம் சமமான இரண்டு வடிகட்டிகளில், ஸ்பொஞ்சுக்கும் வளையங்களுக்கும் அதிக இடமுள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

ரொறன்ரோவின் குழாய்நீரில் கிருமிநீக்கத்துக்காகக் குளோரமின் இருக்கிறது. ஸ்பொஞ்சை அதில் கழுவினால் அந்தப் பற்றீரியாக்கள் அழியலாம். நீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். புதிதாக ஊற்றும் நீரில் குளோரமின் நீக்கும் மருந்தைக் கலக்க மறக்காதீர்கள்.

புது வடிகட்டியில் பற்றீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அதன்பின் பரிசோதனைக் கருவியால் நீரைச் சோதியுங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் தொடர்ந்து பூச்சியமாக இருந்தால், உங்கள் மீன்களின் கழிவை அந்த வடிகட்டி தாங்குகிறது. இல்லையென்றால் மீன்களைக் குறையுங்கள், அல்லது பெரிய வடிகட்டி வாங்குங்கள்.