கட்டணம் இல்லாத கல்வி, பூட்டிய வாசல்: ஜெர்மனியில் இளநிலை வேதியியல் யாருக்குக் கிட்டுகிறது?

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்னும் செய்தி நம் மாணவர்களிடையே பரவலாகப் பேசப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் நல்ல மதிப்பெண் பெற்ற தலித் மாணவர் ஒருவர், 'அப்படியானால் நானும் போகலாமா?' என்று கேட்டால் நாம் என்ன விடை சொல்வது? 'போகலாம்' என்பது பாதி உண்மை. 'நமக்கெல்லாம் அது எட்டாது' என்பதும் பாதி உண்மையே. கட்டணம் இல்லாத கல்விக்குள் நுழைவதற்குப் பணம் எந்த இடத்தில், எந்த வடிவில் கேட்கப்படுகிறது என்பதை விளங்கிக்கொண்டால், தடையாக நிற்பது மாணவரின் திறமைக் குறைவா, தலைமுறைகளாகச் சொத்து மறுக்கப்பட்ட வரலாறா என்பது தெளிவாகும்.

நுழைவதற்கான வழிகள்

இந்தியப் பள்ளியிறுதிச் சான்றிதழ் மட்டும் கொண்டு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர இயலாது. பொதுவாக மூன்று வழிகள் உள்ளன. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேறியிருப்பது முதல் வழி. அங்கீகரிக்கப்பட்ட இந்தியப் பல்கலைக்கழகத்தில் அதே துறையில் ஓராண்டை வெற்றிகரமாக முடித்திருப்பது இரண்டாவது. 'ஷ்டூடியன்கொலெக்' எனப்படும் ஆயத்தக் கல்லூரியில் ஓராண்டு பயின்று தகுதித் தேர்வில் வெல்வது மூன்றாவது. எந்த வழியில் சென்றாலும், 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் ஏ.பி.எஸ். என்னும் சான்றிதழ் சரிபார்ப்பைப் பெற்றாக வேண்டும். அதற்கான கட்டணம் 18,000 ரூபாய்.

முதல் வழி இலட்சங்களை விழுங்கும் பயிற்சி மையங்களின் பிடியில் இருக்கிறது. இரண்டாம் வழியே நமக்கு நெருக்கமானது. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு படிப்பவர், அந்த ஓராண்டையே நுழைவுத் தகுதியாக மாற்றிக்கொள்ள முடியும். இதை நம் கல்லூரிகளில் எடுத்துச் சொல்வோர் இல்லை. கல்வி முகவர்களும் சொல்வதில்லை. ஆங்கிலவழியில் நடக்கும் தனியார் கல்லூரிகளின் கட்டணப் படிப்புகளை விற்பதில்தான் அவர்களுக்கு ஆதாயம்.

மொழி: தமிழ்வழி ஒரு குறையா?

அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலை வேதியியல் ஏறக்குறைய முழுவதும் ஜெர்மன் மொழியிலேயே கற்பிக்கப்படுகிறது. அதற்கு சி1 நிலைத் தேர்ச்சி வேண்டும். அடிப்படையிலிருந்து தொடங்குபவருக்கு இது ஓராண்டுக்கும் மேற்பட்ட முழு உழைப்பு.

ஆயினும் இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தமிழ்வழியில் படித்த நம் மாணவரிடம், 'உனக்கு ஆங்கிலம் வராது, அறிவியல் எப்படி வரும்?' என்று கேட்டே அவரைக் கூனிக் குறுக வைக்கிறது இங்குள்ள கல்விச் சூழல். ஜெர்மனியிலோ ஹைட்ரஜனுக்கு 'வாஸர்ஷ்டோஃப்', அதாவது நீர்ப்பொருள், என்று பெயர். ஆக்சிஜன் 'ஸவர்ஷ்டோஃப்', அமிலப்பொருள். உலகுக்கு நவீன வேதியியல் ஆய்வகக் கல்வியைக் கற்றுத்தந்த நாடு தன் தாய்மொழியில்தான் அதைச் செய்தது. ஜெர்மன் வகுப்பின் முதல் நாளில் ஆங்கிலவழி மாணவரும் தமிழ்வழி மாணவரும் ஏறத்தாழ ஒரே படியில்தான் நிற்கிறார்கள். வேறுபாடு, அந்த வகுப்புக்குச் செலுத்தப் பணமும் நேரமும் யாரிடம் உள்ளன என்பதில் இருக்கிறது.

ஆய்வகம் கேட்கும் விலை

இளநிலை வேதியியல் ஆறு பருவங்கள், 180 மதிப்பலகுகள் கொண்டது. ஓர் அலகுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு எனக் கணக்கிடுகிறார்கள். ஆண்டுக்கு 60 அலகுகள் என்றால் 1,500 முதல் 1,800 மணி நேரம். பொது வேதியியல், கனிம வேதியியல், கணிதம், இயற்பியல் எனத் தொடங்கி, கரிம வேதியியல், இயற்பிய வேதியியல் வழியாகச் சென்று, ஒரு சிற்றாய்வேட்டில் முடிகிறது.

1820களில் கீஸன் நகரில் யுஸ்டுஸ் லீபிக் தொடங்கிய மரபின்படி, இப்படிப்பின் உயிர் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. காலையில் விரிவுரை, பிற்பகல் முழுதும் ஆய்வகம், இரவில் ஆய்வறிக்கை எழுதுதல் என நாள்கள் கழியும். சோதனையைத் தொடங்குமுன் அதன் வினைகளையும் ஆபத்துகளையும் வாய்மொழியாக விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். மொழி தடுமாறினால் குடுவையைத் தொடவே அனுமதி கிடைக்காது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை எழுத மூன்று வாய்ப்புகளே உண்டு. இறுதி வாய்ப்பும் தவறினால் படிப்பே முடிவுக்கு வரும். தங்கும் உரிமையும் படிப்பைச் சார்ந்தே இருப்பதால், அயல்நாட்டு மாணவருக்கு இந்தத் தோல்வி இரட்டை இழப்பு.

'வேலை செய்துகொண்டே படிக்கலாம்' என்னும் அறிவுரையை இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். 2024 மார்ச் முதல் அயல்நாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்யலாம் என்கிறது சட்டம். ஆனால் பிற்பகல்கள் ஆய்வகத்துக்கே போய்விடும் வேதியியல் மாணவர், விரிவுரைகளை மட்டும் நம்பிய பிற துறை மாணவரைப்போல அந்த உரிமையைப் பயன்படுத்த இயலாது. வீட்டிலிருந்து பணம் வரும் மாணவர் ஆய்வகத்தில் நிற்கிறார். வராத மாணவர் உணவகத்தில் தட்டுக் கழுவிவிட்டு ஆய்வகத்துக்கு ஓடி வருகிறார். இருவரையும் அளப்பது ஒரே தேர்வு.

பூட்டிய கணக்கு

விசா பெறுவதற்கு, ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே 'பிளாக்டு அக்கவுண்ட்' எனப்படும் முடக்கக் கணக்கில் செலுத்திக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இத்தொகை 11,904 யூரோ. நம் மதிப்பில் 11 இலட்சம் ரூபாய்க்கு மேல். அங்கு சென்றபின் மாதம் 992 யூரோ வீதம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கட்டணமின்மைக்கும் விலக்குகள் உண்டு. பாடன்-வ்யூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் விதிக்கிறது.

ஜெர்மனியில் வாழும் ஒருவர் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டால் முடக்கக் கணக்கு தேவையில்லை. ஆனால் அப்படிப்பட்ட சித்தப்பாவோ மாமாவோ யாருக்கு இருக்கிறார்கள்? முன்பே வெளியேறிச் சென்ற சாதிகளுக்கு இருக்கிறார்கள். வங்கியை நாடினாலும், பொதுத்துறை வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் 7.5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்தை ஈடாகக் கேட்கிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பெருமளவில் பிறர் கைக்குப் போயின. அன்று பறிபோன நிலம், இன்று பேத்தியின் கல்விக் கடனுக்கு வைக்க இல்லாமற்போன ஈடாகத் தொடர்கிறது.

முதுநிலைக்கு மட்டும் திறக்கும் கதவு

அரசு உதவித்தொகை இல்லையா என்று கேட்கலாம். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கானது. அதில் 115 இடங்கள் பட்டியல் சாதியினருக்கு உரியவை. ஆனால் அது முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டுமே. தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் நடத்தும் திட்டமும் அவ்வாறே. இருக்கும் திட்டமும் உறுதியாகக் கிடைப்பதில்லை. 2025 ஜூலையில், தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் தற்காலிக ஒப்புதல் கடிதங்கள் வழங்கப்பட்டன. மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்தே என்று சொல்லப்பட்டது.

அம்பேத்கர் பம்பாயில் இளநிலை முடித்தபின்னரே, 1913இல் பரோடா மன்னரின் உதவியுடன் கொலம்பியா சென்றார். 1921இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் பதிவு செய்துகொண்டார். இளநிலையை இங்கேயே முடித்துவிட்டுப் போவது தவறான வழி அன்று. அதுவே இன்று நம்மில் பலருக்கு இயல்கிற வழியும்கூட. ஆனால் பிறர் பதினெட்டு வயதில் தேர்ந்தெடுக்கும் ஒன்றை, நம் பிள்ளைகள் இருபத்தொரு வயதுவரை எண்ணிப் பார்க்கவே கூடாது என்று ஆக்குவது நீதியாகாது.

வேதியியல் நமக்கு ஏன் வேண்டும்?

வேதியியல் நம் மக்களுக்குப் புதிதன்று. சுண்ணாம்பிலும் ஆவாரம்பட்டையிலும் தோலைப் பதப்படுத்திய கைகள், பெயர் தெரியாமலேயே அதைச் செய்துவந்தன. உப்புப் பகுப்பாய்வில் மாணவர் சந்திக்கும் ஹைட்ரஜன் சல்பைடைப் புகையகற்றிப் பெட்டிக்கு வெளியே கையாள எந்த முறையான ஆய்வகமும் அனுமதிக்காது. அதே வாயு நிறைந்த மலக்குழிக்குள், 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பின்னரும், நம் மக்கள் முகக்கவசம்கூட இன்றி இறக்கப்பட்டு மடிகிறார்கள். வாயுவின் நச்சுத்தன்மை மாறவில்லை. யாருடைய உயிருக்கு விதிமுறை எழுதப்படுகிறது என்பதே மாறுகிறது. அந்த விதிமுறைகளை எழுதும் இடத்தில் நம்மவர் அமர வேண்டும்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. அயல்நாட்டு உதவித்தொகைகளை இளநிலை அறிவியலுக்கும் விரிவாக்க வேண்டும். முடக்கக் கணக்குத் தொகையை ஈடு கேட்காத கடனாக அரசே வழங்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஜெர்மன் மொழி வகுப்புகள் நடத்த வேண்டும். இவற்றுக்காகப் போராடும் அதே வேளையில், மாணவத் தோழர்கள் முதலாண்டு பி.எஸ்சி.யிலிருந்தே மொழியைக் கற்கத் தொடங்கலாம். சாதிச் சான்று, வருமானச் சான்று, கடவுச்சீட்டு ஆகியவற்றை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருக்கலாம். இளநிலைக்கான கதவு திறந்தால் உடனே நுழையலாம். திறக்காவிட்டால், பட்டத்தோடும் மொழியோடும் முதுநிலைக் கதவைத் தட்டலாம். எந்த நிலையிலும் அந்த ஓராண்டு உழைப்பு வீணாவதில்லை.