சவ்வாது மலை

சவ்வாது மலை அல்லது ஜவ்வாது மலை என்பது தமிழ்நாட்டின் வடபகுதியில் அமைந்துள்ள ஒரு மலைத்தொடர் ஆகும். இது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. மலை ஒன்றேயாயினும் நிருவாகத்தில் இது திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களுக்குள் அடங்குகிறது. திருவண்ணாமலை மாவட்டப் பகுதியிலுள்ள ஜமுனாமரத்தூர் மலையின் முதன்மையான ஊர். ஜவ்வாது மலை ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் இதுவே.

புவியியல்

மலைக்கு வடக்கே பாலாற்றுச் சமவெளியும், வடமேற்கே ஏலகிரி மலையும், தெற்கே செங்கம் கணவாயும் உள்ளன. சில சிகரங்கள் 3,000 அடிக்கு மேல் உயர்ந்தவை. செய்யாறு இம்மலையில் தோன்றிக் கிழக்கு நோக்கி ஓடி, திருமுக்கூடலில் பாலாற்றுடன் கலக்கிறது. கமண்டல நாகநதி, மிருகண்டா நதி, அகரம் ஆறு ஆகியனவும் இங்கு தோன்றுபவையே. செண்பகத்தோப்பு, மிருகண்டா அணைகளில் தேங்கும் நீர் அடிவாரச் சமவெளி வயல்களுக்குப் பாய்கிறது. மலைமேல் உள்ள நிலங்களோ பெரும்பாலும் மானாவாரி நிலங்கள்.

வரலாறு

கீழ்ச்சேப்பிளி அருகே பெருங்கற்காலக் கற்திட்டைகள் உள்ளன. இவற்றை மக்கள் 'குள்ளர் குகை' என்பர். புதிய கற்காலத்தைச் சேர்ந்த வழவழப்பான கற்கோடரிகள் மலையூர்க் கோயில்களில் இன்றும் வழிபடப்படுகின்றன. சங்க இலக்கியமான மலைபடுகடாம், செங்கண்மா எனப்பட்ட செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடுகிறது. அதில் சேயாறு என வருவது இன்றைய செய்யாறு ஆகும்.

முதலாம் ஆங்கில-மைசூர்ப் போரில் 1767 செப்டம்பரில் ஐதர் அலி, ஐதராபாத் நிசாம் ஆகியோரின் படைகளும் ஆங்கிலேயப் படையும் செங்கம் கணவாயில் மோதின. ஆங்கிலேயர் ஆட்சியில் மலையின் பெரும்பகுதி வட ஆற்காட்டிலும், திருப்பத்தூர்ப் பகுதி 1911 வரை சேலம் மாவட்டத்திலும் இருந்தன. 1989 இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 2019 இல் திருப்பத்தூர் தனி மாவட்டமானது. ஒவ்வொரு பிரிவினையிலும் எல்லைக்கோடு மலைமீதே விழுந்தது.

மக்கள்

மலைமக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். 'மலையை ஆள்பவர்' என்னும் பொருள்படும் இப்பெயருக்கும் கேரள மலையாளிகளுக்கும் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்து வேளாளர் எழுவர், வேடர்களால் கவர்ந்து செல்லப்பட்ட தம் குலப் பெண்களைத் தேடி ஏழு நாய்களுடன் புறப்பட்டனர் என்பது இவர்களின் தோற்றக்கதை. ஆற்றைக் கடக்கையில் நாய்கள் மட்டும் ஊர் திரும்பின. அவற்றைக் கண்ட மனைவியர் கணவர் இறந்தனர் எனக் கருதி ஈமக்கடன் முடித்துவிட்டனர். பின்னர் உயிருடன் திரும்பியவர்களை ஊர் ஏற்கவில்லை. அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து மலையேறினர். இக்கதையை எட்கர் தர்ஸ்டன் 1909 இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார்.

ஊர்கள் 'நாடு' என்னும் பிரிவுகளாக அமைந்தவை. புதூர் நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல் நாடு ஆகியன திருப்பத்தூர்ப் பகுதியில் உள்ளன. திருமணத்தில் மணமகன் வீட்டாரே பரிசம் தருவது வழக்கம்.

வாழ்க்கை நிலை

சாமை முதன்மைப் பயிர். கேழ்வரகு, தினை, புளி, பலா, சீத்தாப்பழம், தேன் ஆகியனவும் கிடைக்கின்றன. விளைச்சல் ஆண்டு முழுவதற்கும் போதாமையால் பலர் குடகு, கேரளம் ஆகிய பகுதிகளின் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்கின்றனர்.

இம்மலை ஒரு காலத்தில் சந்தன மரங்களுக்குப் பெயர்பெற்றது. திருப்பத்தூரிலுள்ள அரசுக் கிடங்கில் சந்தனக்கட்டைகள் ஏலம் விடப்பட்டன. திருட்டு வெட்டுதலால் மரங்கள் அருகிய பின், மரம் வெட்டும் திறன் பெற்ற மலைமக்களை இடைத்தரகர்கள் ஆந்திரப் பிரதேசத்தின் செம்மரக் காடுகளுக்கு அழைத்துச் சென்றனர். 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் சவ்வாது மலையைச் சேர்ந்தோரும் இருந்தனர். இது மோதல் எனக் காவல்துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அதை மறுத்தன. செம்மரக் கடத்தலை நடத்துவோர் மலையில் வாழ்பவர் அல்லர். சிறைக்குச் செல்வோர் பெரும்பாலும் கூலிகளே.

வன உரிமைச் சட்டம் 2006 இல் இயற்றப்பட்டும், நீதிமன்றத் தடையால் தமிழ்நாட்டில் 2016 வரை நில உரிமைப் பட்டங்கள் வழங்கப்படவில்லை. சாலை வசதி சீரற்றது. ஜமுனாமரத்தூருக்குப் பேருந்துகள் செல்கின்றன. வேலூர்ப் பகுதியின் சிற்றூர்கள் சிலவற்றுக்கு நெடுங்காலம் மண்பாதையே இருந்தது. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை சேரும் முன் இறந்தது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் மேலே செல்ல இயலாததால், தாய் உடலைச் சுமந்து பல கிலோமீட்டர் நடந்தார். இதன் பின்னரே அவ்வூருக்குச் சாலை அமைக்கும் பணி விரைவு பெற்றது.

கல்விக்கு உண்டு உறைவிடப் பள்ளிகளே பெரிதும் துணை. 2024 இல் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஸ்ரீபதி என்பவர் 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்றார்.

காவலூர் வான் ஆய்வகம்

ஆலங்காயம் அருகேயுள்ள காவலூரில், ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் உள்ளது. நகர வெளிச்சம் எட்டாத இருள் காரணமாக வானியலாளர் வைணு பாப்பு இவ்விடத்தைத் தேர்ந்தார். 1968 இல் இங்கு 38 செ.மீ. தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. 1977 இல் யுரேனசின் வளையங்களைக் கண்டறிந்த நோக்கீடுகளில் காவலூரும் பங்கேற்றது. 1986 இல் இயக்கி வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரால் வழங்குகிறது.