சிவப்பு எழுத்தா? லேப்டாப்பை மூடாதீங்க பாஸ்!

பைத்தான் கத்துக்கலாம்னு ஆசையா ஒரு ஜூபிட்டர் நோட்புக்கை டவுன்லோடு பண்றீங்க. விளக்கமும் கோடும் மாறி மாறி, செல் செல்லா வர்ற பாடம். மூணாவது செல்லை ஓட்டினதுமே சிவப்பு சிவப்பா எரர் கொட்டுது. 'நமக்கெல்லாம் இது வராது'ன்னு ஒதுங்கிடாதீங்க. தப்பு நோட்புக் மேலயே இருக்கலாம்!

2019-ல் வெளியான ஓர் ஆய்வு, கிட்ஹப்பில் இருந்த சுமார் 14 லட்சம் நோட்புக்குகளை அலசியது. ஓட்டிப் பார்த்தவற்றில் எரர் இல்லாம ஓடினது 24 சதவீதம். எழுதினவருக்கு வந்த அதே விடை வந்தது... வெறும் 4 சதவீதம்!

எழுதினப்ப ஓடினதுதானே? ஆமா. ஆனா அடியில் இருக்கிற லைப்ரரி மாறிடுதே! வீட்டு விலையைக் கணிக்கிற பாடத்துக்கு ஊரே பயன்படுத்தின 'பாஸ்டன்' டேட்டாவை, 2022 டிசம்பரில் வந்த சைக்கிட்-லேர்ன் 1.2-ல் தூக்கிட்டாங்க. புதுப் பதிப்பு போட்ட மெஷின்ல அந்தப் பாடங்கள் எல்லாம் படுத்துடுச்சு. பாடத்தில் ஒரு எழுத்துகூட மாறலை.

புதியம்புத்தூர்க்காரங்களுக்கு இது ஈஸியா புரியும். ரெடிமேட் தைக்கிற ஊராச்சே! செக்கிங் பண்ணாம பண்டல் கட்டுவாங்களா? நோட்புக்குக்கு அந்த செக்கிங்தான் ஆட்டோமேட்டிக் பில்டு. பாடத்தைத் திருத்தும்போதெல்லாம் கம்ப்யூட்டரே எல்லா செல்லையும் ஓட்டிப் பார்த்து, வெப் பக்கமா மாத்தும்.

இங்கதான் ஒரு சிக்கல். பூஜ்யத்தால் வகுத்தா என்ன ஆகும்னு காட்ட, வேணும்னே எரர் வரவைக்கிற செல்லும் பாடத்தில் இருக்கும். அது ஒண்ணுக்காக, 'என்ன எரர் வந்தாலும் கண்டுக்காதே'ன்னு மொத்த நோட்புக்குக்கும் சலுகை கொடுத்துடறாங்க சிலர். சோம்பேறித்தனம்தான், வேறென்ன! நிஜமான தப்பும் அதோடு சேர்ந்து உங்க கைக்கு வந்துடுது.

அந்த ஒரு செல்லுக்கு மட்டும் 'ரெய்சஸ்-எக்ஸெப்ஷன்'னு டேக் போட்டா போதும். வேற எங்க எரர் வந்தாலும் என்பிகன்வர்ட் பில்டை அங்கேயே நிறுத்திடும். ஆனா, வந்தது எந்த எரர்னு அந்த டேக் பார்க்காது. வேரியபிள் பேரைத் தப்பா டைப் பண்ணியிருந்தாலும் 'ஓகே'தான்! எதிர்பார்க்கிற எரரைப் பேர் சொல்லி 'டிரை-எக்ஸெப்ட்'டில் பிடிக்கிறது இன்னும் பத்திரம்.

பழகிப் பார்க்கணுமா? மும்பை ஐஐடியின் ஃபாஸி திட்டத்தில், பாடப்புத்தகக் கணக்குகளைக் காலேஜ் பசங்களே பைத்தான் நோட்புக்கா எழுதி வச்சிருக்காங்க. ஒண்ணை எடுத்து, கெர்னலை ரீஸ்டார்ட் பண்ணி, மேலிருந்து கீழ வரைக்கும் ஓட்டுங்க. பைத்தான் 2-ல் எழுதினதா இருந்தா, அடைப்புக்குறி இல்லாத முதல் பிரிண்ட்லயே நின்னுடும். திருத்தினதை ஜூனியருக்கு அனுப்பும் முன், ஃப்ரெண்டோட மெஷின்லயும் ஒரு தடவை ஓட்டிடுங்க!