என்ஜினீயரிங் படிக்கப் போனாலும் கட்டுரை எழுதணும்! அமெரிக்கக் கல்லூரிகளின் ‘இங்கிலீஷ் காம்ப்’ வகுப்பில் என்ன நடக்கிறது?

பிளஸ் டூவில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 98. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்து, விசாவும் கைக்கு வந்துவிட்டது. முதல் செமஸ்டர் பாடப் பட்டியலைத் திறக்கும்போதுதான் அந்த வரி கண்ணில் படும். ‘இங்கிலீஷ் காம்போசிஷன், 3 கிரெடிட், கட்டாயம்’. “ஸ்கூல்லயே காம்போசிஷன் நோட்டு போட்டு முடிச்சாச்சே, மறுபடியும் முதல்ல இருந்தா?” என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும்.

கேட்டாலும் தப்பிக்க முடியாது. அமெரிக்காவின் பெரும்பாலான கல்லூரிகளில் டாக்டராகப் போகிறவர், கணக்காளராகப் போகிறவர், கிட்டார் படிக்க வந்தவர் என எல்லாருமே முதலாண்டில் இந்த வாசலைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள். பள்ளியிலேயே ‘ஏ.பி.’ எனப்படும் உயர்நிலைத் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்குச் சில இடங்களில் விலக்கு உண்டு. நேராக எம்.எஸ். படிக்கப் போகிறவர்களுக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

மூன்றும் ஒன்றல்ல

நம்மூரில் ‘காலேஜ்ல இங்கிலீஷ் படிக்கிறேன்’ என்றால் பி.ஏ. ஆங்கில இலக்கியம் என்று அர்த்தம். மற்ற துறைக்காரர்களுக்கு ‘பார்ட் டூ இங்கிலீஷ்’. அதில் கொஞ்சம் கவிதை, கொஞ்சம் உரைநடை, கொஞ்சம் இலக்கணம், கடைசியில் ஒரு தேர்வு. அமெரிக்க ஆங்கிலத் துறையில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று தனித்தனித் தொழில்கள் நடக்கின்றன. காம்போசிஷன் என்பது வாதம் செய்து எழுதப் பழகும் வகுப்பு. இலக்கியம் என்பது மற்றவர் எழுதியதைப் படித்து ஆராய்வது. கிரியேட்டிவ் ரைட்டிங் என்பது கதை, கவிதை எழுதுவது. முதலாவது எல்லாருக்கும் கட்டாயம், மற்ற இரண்டும் விருப்பம்.

இதில் இலக்கியத்துக்கு நம் நாட்டோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்துக்கென்று தனிப் பட்டப்படிப்பு வந்தது 1894-ல்தான். ஆனால் 1835-ல் மெக்காலேயின் அறிக்கைக்குப் பிறகு இந்தியக் கல்லூரிகளில் ஷேக்ஸ்பியரும் மில்டனும் பாடமாகிவிட்டார்கள். ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக உருவாகி வளர்ந்ததே காலனி ஆட்சியின் தேவைக்காகத்தான் என்று கௌரி விஸ்வநாதன் 1989-ல் ஒரு புத்தகமே எழுதினார். இன்றைய அமெரிக்காவில் அந்தப் பாடத்துக்குக் கூட்டம் குறைந்துவருகிறது. 2010-க்குப் பிந்தைய பத்து ஆண்டுகளில் ஆங்கிலத்தில் இளநிலைப் பட்டம் வாங்குவோர் கால் பங்குக்கும் மேல் குறைந்துவிட்டார்கள். பல கல்லூரிகளில் ஆங்கிலத் துறையின் அடுப்பு இன்னும் எரிகிறது என்றால், அதற்கு விறகு போடுவது கட்டாய காம்போசிஷன் வகுப்புதான்.

வகுப்பில் என்னதான் செய்வார்கள்?

மனப்பாடம் கிடையாது. பெரும்பாலும் எழுத்துத் தேர்வும் கிடையாது. செமஸ்டருக்கு மூன்று, நான்கு கட்டுரைகள். ஒவ்வொன்றையும் ஒரு தடவைக்கு மேல் எழுத வேண்டும். ‘டிராஃப்ட்’ என்ற சொல்லைத்தான் அந்த வகுப்பில் அதிகம் கேட்க வேண்டியிருக்கும்.

ஓர் உதாரணம். தமிழ்நாட்டு மாணவர் ஒருவர், 2021-ல் தொடங்கிய மகளிர் இலவசப் பேருந்துப் பயணத்தைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘இது மிகச் சிறந்த திட்டம்’ என்று தொடங்கி, திட்டத்தின் நன்மைகளை ஐந்து பத்தியில் அடுக்கி, ‘எனவே இது மிகச் சிறந்த திட்டம்’ என்று முடிக்கிறார். நம் பள்ளித் தேர்வில் இதற்குத் தாராளமாக மதிப்பெண் விழும். அங்கே ஓரத்தில் கேள்விகளாக வரும். யாருக்குச் சிறந்தது? காலை ஏழு மணிக்கு வீட்டு வேலைக்குப் போகிறவருக்கா, பேருந்தே வராத கிராமத்தில் இருப்பவருக்கா? இதை எதிர்ப்பவர் என்ன சொல்வார்? அவர் சொல்வதில் எது நியாயம்? இத்தனைக்கும் பதில் தேடிக்கொண்டு போய் இரண்டாவது டிராஃப்ட் எழுத வேண்டும். நடுவில் பக்கத்து இருக்கை மாணவர் அதைப் படித்துக் கருத்து சொல்வார். ஆசிரியரோடு பத்துப் பதினைந்து நிமிடம் தனியாக உட்கார்ந்து பேசவும் நேரம் ஒதுக்குவார்கள். பலருக்கு, அவர்கள் எழுதிய ஒரு பக்கத்தை இன்னொருவர் வரிக்கு வரி படிப்பது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

நம் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. புத்தகத்தில் உள்ளதை அப்படியே, வார்த்தை பிசகாமல் எழுதினால் முழு மார்க் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். அங்கே அதே வாக்கியத்தை மேற்கோள் குறியும் ஆசிரியர் பெயரும் இல்லாமல் எழுதினால் ‘பிளேஜியரிசம்’, அதாவது எழுத்துத் திருட்டு. முதல் தடவை அந்தக் கட்டுரைக்குப் பூஜ்யம். தொடர்ந்தால் ஒழுங்கு நடவடிக்கை, சில நேரம் கல்லூரியை விட்டே வெளியேற்றம். இதில் மாட்டும் எல்லாரும் பிட் அடிக்கும் நோக்கத்தோடு செய்வதில்லை. இங்கே பன்னிரண்டு வருடம் பாராட்டப்பட்ட ஒரு பழக்கம் அங்கே ஒரே வாரத்தில் குற்றமாகிவிடுகிறது.

யார் கண்டுபிடித்தது இதை?

ஹார்வர்டுதான். 1869-ல் தலைவரான சார்ல்ஸ் எலியட்டின் காலத்தில், 1874 முதல் நுழைவுத் தேர்வில் ஒரு சிறு ஆங்கிலக் கட்டுரையும் எழுத வேண்டும் என்று விதி வந்தது. ஷேக்ஸ்பியர், கோல்ட்ஸ்மித், ஸ்காட் ஆகியோரின் நூல்களிலிருந்து தலைப்பு தருவார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள், நல்ல பள்ளிகளில் படித்தவர்கள் எழுதிய அந்தத் தாள்களைப் பார்த்துப் பேராசிரியர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எழுத்துப்பிழை, நிறுத்தக்குறிப் பிழை என்று எக்கச்சக்கம். சரி, உள்ளே வந்தபிறகு சொல்லித் தருவோம் என்று 1885-ல் ‘இங்கிலீஷ் ஏ’ என்ற முதலாண்டு வகுப்பு தொடங்கியது. மற்ற கல்லூரிகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு எழுதவே தெரியல’ என்ற புலம்பலுக்கு இப்போது 150 வயது. 1975 டிசம்பரில் ‘நியூஸ்வீக்’ இதழ் ‘ஜானிக்கு ஏன் எழுத வரவில்லை’ என்று அட்டைப்படக் கட்டுரை போட்டது. எழுதத் தெரிந்த ஒரு பொற்காலத் தலைமுறை எப்போது இருந்தது என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

அந்தப் புலம்பலை வேறு மாதிரி அணுகியவர் மினா ஷாக்னெஸி. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-ல், பள்ளிப் படிப்பை முடித்த நகர மாணவர் யாராக இருந்தாலும் இடம் தருவோம் என்று கதவைத் திறந்துவிட்டது. கறுப்பின மாணவர்கள், போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் என ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர்கள் எழுதியதைப் பார்த்து ‘இவர்களுக்குக் கல்லூரியே லாயக்கில்லை’ என்றவர்கள் உண்டு. சிட்டி காலேஜில் அந்த எழுத்து வகுப்புகளை நடத்திய ஷாக்னெஸி, மாணவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை உட்கார்ந்து படித்தார். 1977-ல் அவர் வெளியிட்ட புத்தகம் சொன்னது இதுதான்: பிழைகள் கண்டபடி வருவதில்லை, அவற்றுக்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது. அந்தத் தர்க்கத்தைக் கண்டுபிடித்தால் சொல்லித் தரவும் முடியும். ஏட்ரியன் ரிச், ஆட்ரே லார்ட் போன்ற கவிஞர்களும் அந்தக் காலத்தில் அதே கல்லூரியில் எழுதக் கற்றுத் தந்தவர்கள்தான்.

தமிழ் மாணவருக்கு இதைச் சுலபமாகப் புரியவைக்கலாம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘ஏ’, ‘தி’ தமிழில் கிடையாது. அதனால் நாம் அவற்றை விட்டுவிடுகிறோம். காரணம் கவனக்குறைவு அல்ல, தாய்மொழியின் பழக்கம். அடுத்த முறை சிவப்பு மையைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

சரி, யார் இத்தனையும் திருத்துவது?

இந்த வகுப்பின் மிகப் பெரிய பிரச்சினை இதுதான். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வகுப்புக்கு 25 பேர், ஓர் ஆசிரியருக்கு நான்கு வகுப்புகள் என்றால் 100 மாணவர்கள். தலைக்கு நான்கு கட்டுரை, கட்டுரைக்கு இரண்டு டிராஃப்ட். மொத்தம் 800. ஒன்றுக்கு 20 நிமிடம் என்றாலும் 266 மணி நேரம் ஆகிறது. 15 வார செமஸ்டரில், பாடம் நடத்துவது போக, வாரத்துக்குப் பதினேழு, பதினெட்டு மணி நேரம் திருத்துவதற்கு மட்டும். அதனால்தான் இந்த ஆசிரியர்களுக்காக 1949-ல் உருவான அமைப்பு, வகுப்புக்கு 20 பேருக்கு மேல் கூடாது, ஓர் ஆசிரியருக்கு 60 மாணவர்களுக்கு மேல் கூடாது என்று பரிந்துரைக்கிறது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது.

பெரிய பல்கலைக்கழகங்களில் இந்த வகுப்புகளை எடுப்பது பெரும்பாலும் ஆய்வு மாணவர்கள். மற்ற இடங்களில் ‘அட்ஜங்க்ட்’ எனப்படும் பகுதிநேர ஆசிரியர்கள். நம்மூர் கௌரவ விரிவுரையாளர்கள் நிலைமையைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு வகுப்புக்குச் சில ஆயிரம் டாலர், அடுத்த செமஸ்டர் வேலை உண்டா என்பது தெரியாது, மருத்துவக் காப்பீடு பல இடங்களில் இல்லை. இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு மாறி மாறிக் கார் ஓட்டிப் போய்ப் பாடம் எடுப்பவர்கள் ஏராளம். எல்லா மாணவருக்கும் கட்டாயம் என்று சொல்லும் அளவுக்கு முக்கியமான பாடத்தை, துறையிலேயே குறைந்த சம்பளம் வாங்குபவரிடம் கொடுத்திருக்கிறார்கள். இது நியாயமில்லை என்று அங்கேயே பலரும் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

கதை எழுதவும் வகுப்பா?

‘எழுத்தாளன் பிறக்கிறான், உருவாக்க முடியாது’ என்ற பேச்சு அங்கும் உண்டு. ஆனாலும் 1936-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் பட்டறை தொடங்கியது. ஃபிளானரி ஓ’கானர் 1947-ல் அங்கே பட்டம் வாங்கினார். இன்று நாடு முழுக்க நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் இந்தப் படிப்பு இருக்கிறது. முறை எளிது. ஒருவர் கதையை முன்கூட்டியே எல்லாருக்கும் கொடுத்துவிட வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் அதை அலசுவார்கள். எழுதியவர் வாயே திறக்கக் கூடாது. நம்மூர் நூல் விமர்சனக் கூட்டத்தில் கடைசியில் ஏற்புரை வரைக்கும் எழுத்தாளர் மேடையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, கிட்டத்தட்ட அதே அவஸ்தை. பெரும்பான்மையினரின் ரசனைக்கு ஒத்துவராத கதையை எழுதியவருக்கு இந்த மௌனம் தண்டனையாகிவிடுகிறது என்று மேத்யூ சலேசஸ் 2021-ல் எழுதிய புத்தகம் பரவலாகப் பேசப்பட்டது. பல வகுப்புகளில் இப்போது எழுதியவரும் கேள்வி கேட்கலாம்.

அதே அயோவாவில் 1967-ல் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குத்தான் 1973-ல் அசோகமித்திரன் போனார். அது பாடத்திட்டம் அல்ல, பல நாட்டு எழுத்தாளர்கள் சில மாதங்கள் தங்கி எழுதும் ஏற்பாடு. அந்த அனுபவம்தான் ‘ஒற்றன்’ நாவலாக நமக்குக் கிடைத்தது.

சாட்ஜிபிடி வந்தபிறகு?

2022 நவம்பர் 30-ம் தேதி சாட்ஜிபிடி வெளியானது. அடுத்த செமஸ்டரிலேயே காம்போசிஷன் வகுப்புகள் ஆட்டம் கண்டன. கட்டுரையை இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்க மென்பொருள்கள் வந்தன. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றது.

வெளிநாட்டு மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இதற்குள் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் இத்தகைய ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் தேர்வுக்காகச் சொந்தமாக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை ‘இயந்திரம் எழுதியது’ என்று அவை சொல்லிவிட்டன. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதியவற்றில் இந்தக் குழப்பம் மிகக் குறைவு. எளிய சொற்கள், யூகிக்கக்கூடிய வாக்கியங்கள் இருந்தால் மென்பொருளுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. இரண்டாவது மொழியில் எழுதுபவரின் எழுத்து பெரும்பாலும் அப்படித்தானே இருக்கும்? வாண்டர்பில்ட் போன்ற சில பல்கலைக்கழகங்கள் இந்தக் கண்டுபிடிப்பு வசதியையே நிறுத்திவிட்டன. எல்லாரும் நிறுத்தவில்லை.

ஆகவே, ஒவ்வொரு டிராஃப்டையும் தனித்தனியாகச் சேமித்து வைப்பது நல்லது. கூகுள் டாக்ஸில் எழுதினால் எந்த நேரத்தில் எந்த வரியை மாற்றினோம் என்பது பதிவாகியிருக்கும். சந்தேகம் வந்தால் காட்ட அதுவே சாட்சி. பெரும்பாலான கல்லூரிகளில் ‘ரைட்டிங் சென்டர்’ என்று ஓர் அறை இருக்கும். காசு வாங்காமல் கட்டுரையை உங்களோடு உட்கார்ந்து படித்துப் பேசுவார்கள். எழுதித் தர மாட்டார்கள். முதல் வாரமே போய்ப் பழகிக்கொள்ளலாம், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

ஆசிரியர்கள் சிலர் மென்பொருளை நம்பாமல் பழைய வழிக்கே போய்விட்டார்கள். முதல் டிராஃப்டை வகுப்பிலேயே உட்கார்ந்து, பேனா பிடித்து, காகிதத்தில் எழுதச் சொல்கிறார்கள். லேப்டாப்பிலேயே வளர்ந்த அமெரிக்க மாணவர்கள் பலருக்குக் கை வலிக்கிறதாம். பொதுத்தேர்வில் மூன்று மணி நேரம் அடிஷனல் ஷீட் வாங்கி எழுதிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு விஷயத்திலாவது கவலை இல்லை.